குளிருக்குக் கட்டுச்சோறு, அல்லது நூடுல்ஸ் புராணத்துக்கு ஒரு மறுப்பு

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். குளிரைப் பற்றி எழுத எனக்கு ஒரு தகுதியும் கிடையாது. நான் தூத்துக்குடிக்காரன். மார்கழி விடியலில் பீச் ரோட்டில் நடக்கிற பெருசுகள் மஃப்ளர் கட்டிக்கொண்டு வந்தால் அதுதான் எங்களுக்குக் குளிர்காலம். மற்ற மாதமெல்லாம் வெயில், உப்புக்காற்று, வியர்வை. உப்பளத்துக்கு நல்லது, மனுஷனுக்குத்தான் கஷ்டம்.

இருந்தாலும் எழுதுகிறேன். காரணம், போன டிசம்பரில் கொடைக்கானல் மேல்மலையில் ஒரு தோட்டத்துக்குள் கூடாரம் போட்டுத் தங்கிய இரண்டு ராத்திரிகள். அந்த இரண்டு ராத்திரியில் கற்றுக்கொண்டதை மூன்று வருட பி.காமில் கற்றுக்கொள்ளவில்லை (அதற்கு என் வகுப்பு வருகைப் பதிவும் ஒரு காரணம் என்பது வேறு விஷயம்).

நாங்கள் ஏழு பேர். கணக்கு வழக்கு என் பொறுப்பு. சாப்பாட்டுப் பட்டியல் யூடியூப் பார்த்து ஒரு நண்பன் போட்டது. 60 பாக்கெட் நூடுல்ஸ், பிரெட், ஜாம், சிப்ஸ், மார்ஷ்மெல்லோ. ஆமாம், மார்ஷ்மெல்லோ! குச்சியில் குத்தித் தீயில் வாட்டித் தின்ன வேண்டுமாம். எங்கள் தெரு அண்ணாச்சி கடையில் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டபோது அவர் பார்த்த பார்வை இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

பஸ் தாமதம். போய்ச் சேர்ந்தபோது இருட்டிவிட்டது. நல்ல காற்று. ஒரு சின்ன கேஸ் அடுப்பு, அதில் ஏழு பேருக்குச் சமையல். இருபத்தைந்து நிமிஷம் ஆகியும் தண்ணீர் கொதிக்கவில்லை. டப்பியைத் தொட்டுப் பார்த்தால் ஐஸ் மாதிரி சில்லென்று இருக்கிறது. 'இரண்டு நிமிஷ' நூடுல்ஸ் முதல் மூன்று பேர் கைக்கு வர நாற்பது நிமிஷம். என்ன கொடுமை சார் இது!

வரிசையில் கடைசியாக இருந்தவன் "எனக்குப் பசியே இல்லல, நீங்க சாப்பிடுங்க மக்கா" என்று சொல்லிவிட்டு, குளிருக்கு நல்லது என்று இரண்டு பெக் ஊற்றிக்கொண்டு படுத்துவிட்டான். ராத்திரி இரண்டு மணிக்கு அவன் உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. ஏதோ கேட்டால் பதில் குழறுகிறது. எங்களுக்குக் கை கால் ஓடவில்லை. ஆறு பேரும் சேர்ந்து செய்த ஒரே காரியம், ஆளுக்கு ஒரு பக்கம் அவன் பெயரைக் கூப்பிட்டதுதான்.

தோட்டத்துக் காவல்காரத் தாத்தாதான் சத்தம் கேட்டு வந்தார். முதலில் அவனுடைய ஈரமான சாக்ஸைக் கழற்றச் சொன்னார். உலர்ந்த துணி மாற்றி, இரண்டு கம்பளி சுற்றி, தன் குடிசைக்குள் உட்காரவைத்தார். அவன் எழுந்து உட்கார்ந்து நிதானமாக விழுங்குகிற நிலைக்கு வந்த பிறகு, சுக்கும் கருப்பட்டியும் தட்டிப்போட்ட காபித்தண்ணியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தார். அப்புறம் ஒரு கை வறுத்த கடலை. "வயித்துல ஒண்ணும் இல்லாம எப்படித் தம்பி சூடு வரும்? அடுப்புல வெறகு இல்லாம அனல் வருமா?" என்றார்.

ஒரு மணி நேரத்தில் நண்பன் சரியாகிவிட்டான். நான் சரியாகவில்லை. காரணம், அந்தக் கருப்பட்டி எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். "வத்தலக்குண்டு சந்தையில வாங்கினது. உடன்குடிக் கருப்பட்டின்னு சொல்லித்தான் விக்கிறான்" என்றார். எங்கள் மாவட்டத்துக் கருப்பட்டி மலையேறி வந்து எங்களுக்காகக் காத்துக்கொண்டிருக்கிறது. நாங்களோ அதை விட்டுவிட்டு மார்ஷ்மெல்லோ தூக்கிக்கொண்டு போயிருக்கிறோம்!

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். குளிர் மலைக்குச் சமையலைக் கொண்டுபோகாதீர்கள். சமைத்து முடித்த சாப்பாட்டைக் கொண்டுபோங்கள். அங்கே போய்த் தேவைப்படுவது இரண்டு டம்ளர் வெந்நீராக மட்டும் இருக்கட்டும். அந்த வெந்நீரும் கிடைக்காவிட்டால்கூட பட்டினி கிடக்காத மாதிரி திட்டம் போடுங்கள்.

இது என் கண்டுபிடிப்பு இல்லை. என் தாய்மாமா பல வருஷம் தோணியில் பண்டாரியாக இருந்தவர். தூத்துக்குடித் தோணி தெரியும்தானே? கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்கு ஏற்றிப் போகும் மரக்கலம். அதில் சமையல்காரருக்குப் பண்டாரி என்று பெயர். ஊருக்குத் திரும்பி வந்து இந்தக் கதையைச் சொன்னதும் மாமா சிரித்தார். "அல அடிக்கும்போது அடுப்பு பத்தவைக்கிறவன் பண்டாரி இல்லல. அலைக்கு முந்தியே பொங்கி வச்சிருக்கான் பாரு, அவன்தான் பண்டாரி" என்றார். கடலில் அலை, மலையில் குளிர்காற்று. அவ்வளவுதான் வித்தியாசம். தருவைகுளத்து ஆட்கள் வலையோடு பல நாள் கடலில் தங்குகிறார்கள். அவர்களை யூடியூப் பட்டியல் போட்டுக்கொண்டு கிளம்பச் சொல்லுங்கள் பார்ப்போம்.

இப்போது எதிர்க்கட்சி வக்கீலுக்கும் நியாயம் செய்துவிடுகிறேன். நூடுல்ஸ் மேல் எனக்குத் தனிப்பட்ட விரோதம் கிடையாது. ஹாஸ்டல் நண்பர்கள் பலபேர் உயிர்வாழ்வதே அதனால்தான். கணக்கும் போட்டுப் பார்த்தேன், காமர்ஸ் மாணவன் இல்லையா. குளிரில் நாள் முழுக்க நடக்கிற ஒரு வாலிபனுக்கு ஒரு நாளைக்கு 3000 கலோரி பக்கம் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 70 கிராம் நூடுல்ஸ் பாக்கெட்டில் சுமார் 300 கலோரி. அப்படியானால் பத்து பாக்கெட், எடை 700 கிராம், விலை 150 ரூபாய் பக்கம்.

நம் ஊர்ச் சாமான் என்ன கணக்கு?

அவல் 200 கிராம், சுமார் 700 கலோரி.
வறுத்து அரைத்த சத்துமாவு 150 கிராம், சுமார் 570.
கருப்பட்டி 100 கிராம், சுமார் 360.
கடலைமிட்டாய் 150 கிராம், சுமார் 750.
நல்லெண்ணெயோ நெய்யோ 40 கிராம், சுமார் 360.
பருப்புப்பொடி 50 கிராம், சுமார் 180.

கூட்டினால் 2900 சொச்சம். எடை 690 கிராம். எங்கள் தெருக்கடை விலைக்கு இதுவும் 150 ரூபாய்க்குள்தான் வருகிறது.

ஆக, எடையும் சமம், காசும் சமம். 'பார்த்தாயா, அப்புறம் என்னத்துக்கு இந்தக் கட்டுரை' என்பீர்கள். பொறுங்கள். எந்த வரவு செலவிலும் முதல் பக்கத்தில் தெரியாத செலவுதான் ஆளைக் கவிழ்க்கும்.

பத்து பாக்கெட் நூடுல்ஸுக்கு ஒரு ஆளுக்கு இரண்டு லிட்டருக்கு மேல் தண்ணீர் கொதிக்க வேண்டும். ஏழு பேருக்கு ஒரு நாளைக்கு 14 லிட்டருக்கு மேல். காற்றே இல்லாத வீட்டுச் சமையலறையில்கூட இதற்கு 200 கிராம் பக்கம் கேஸ் செலவாகும். மலைக்காற்றில் அது இரட்டிப்பானாலும் ஆச்சரியமில்லை. சின்ன டப்பி ஒன்றில் இருப்பதே ஏறக்குறைய 230 கிராம். அதுவும் பெரும்பாலும் பியூட்டேன். அது பூஜ்யத்தை ஒட்டிய குளிரில் வாயுவாக மாறவே மறுக்கும். எரிய எரிய டப்பி தானே குளிர்ந்துபோய் அழுத்தம் இன்னும் குறையும். நாங்கள் தொட்டுப் பார்த்த ஐஸ் அதுதான். போதாக்குறைக்கு 2000 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 93 டிகிரி பக்கத்திலேயே கொதித்துவிடும். கொதிக்கிறதே என்று அரிசி பருப்பைப் போட்டால் வீட்டில் வேகிற நேரத்தில் வேகாது.

என் பட்டியலுக்கு ஆளுக்கு இரண்டு டம்ளர் வெந்நீர், அதாவது அரை லிட்டர். ஏழு பேருக்கு மூன்றரை லிட்டர். நாலில் ஒரு பங்கு. அதுகூட சத்துமாவுக்கும் சுக்குக் காபிக்கும்தான். அவல் பச்சைத்தண்ணீரிலேயே ஊறிவிடும். கடலைமிட்டாய்க்குப் பல் மட்டும் போதும்.

எரிபொருளை நம்பித் திட்டம் போட்டவர்கள் கதியை உலகமே ஒருமுறை பார்த்திருக்கிறது. தென்துருவத்துக்கு 1911 டிசம்பர் 14 அன்று ஆமுண்ட்சென் போய்ச் சேர்ந்தார். ஸ்காட் போய்ச் சேர்ந்தது 1912 ஜனவரி 17. திரும்பும் வழியில் ஸ்காட்டும் கூட்டாளிகளும் உயிர்விட்டார்கள். அதற்குப் பல காரணங்கள் சொல்வார்கள். உணவு போதாமை ஒன்று, கொடுங்குளிர் ஒன்று. அவற்றோடு இன்னொன்று, வழியில் புதைத்து வைத்திருந்த டப்பாக்களில் மண்ணெண்ணெய் குறைந்துபோயிருந்தது. எரிபொருள் இல்லையென்றால் பனிக்கட்டியை உருக்கிக் குடிக்கத் தண்ணீர்கூட இல்லை. ஆமுண்ட்சென் தன் டப்பாக்களைக் கசியாமல் உலோகம் வைத்து அடைத்துக் கொண்டுபோயிருந்தார். கொடைக்கானலும் தென்துருவமும் ஒன்றா என்று கேட்காதீர்கள். ராத்திரி இரண்டு மணிக்கு என் நண்பனுக்கு இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தது.

திபெத்துக்காரர்களைப் பாருங்கள். வாற்கோதுமையை வறுத்து அரைத்து வைத்துக்கொண்டு, வெண்ணெய் போட்ட தேநீரில் பிசைந்து உருட்டித் தின்கிறார்கள். சம்பா என்று பெயர். (நம் சம்பா நெல் இல்லை!) வீட்டிலேயே வறுத்தாயிற்று, மாவாயிற்று, கூடாரத்தில் பிசைவது மட்டும்தான் பாக்கி. நம் ஆச்சிகள் செய்கிற பொரிவிளங்காய் உருண்டைக்கும் இதற்கும் தத்துவத்தில் வித்தியாசம் உண்டா? வறுத்த அரிசி, வறுத்த பாசிப்பருப்பு, வெல்லப்பாகு, சுக்கு. எறிந்தால் மண்டை உடையும், ஆனால் வாரக்கணக்கில் கெடாது. ஒன்றை வாயில் அடக்கிக்கொண்டு ஒரு மலை ஏறி முடிக்கலாம். கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்கு 2020ல் புவிசார் குறியீடு கிடைத்தபோது நாமெல்லாம் வாட்ஸப்பில் பெருமைப்பட்டோம். ஆனால் டிரெக்கிங் பைக்குள் வைப்பதற்கு மட்டும் வெளிநாட்டு உறை போட்ட எனர்ஜி பார் வேண்டும். அதன் உறையைப் பிரித்துப் பாருங்கள், உள்ளே பாதி நம் கடலைமிட்டாயின் ஒன்றுவிட்ட தம்பிதான்.

இப்போது ஆட்சேபணைகள்.

"கேம்ப் ஃபயர் இல்லாம என்னல கேம்ப்?" இதைத்தான் என் நண்பர்கள் முதலில் கேட்டார்கள். ஐயா, காப்புக்காட்டுக்குள் தீ மூட்டுவது 1882ஆம் வருஷத்துத் தமிழ்நாடு வனச் சட்டப்படியே குற்றம். சட்டத்தை விடுங்கள். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி, சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூரிலிருந்தும் மலையேறப் போனவர்களில் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அந்தத் தீ எப்படி வந்தது என்பதல்ல என் பேச்சு. காய்ந்த புல்மலையில் தீ பிடித்தால் மனுஷன் ஓட்டம் அதற்கு முன் எடுபடாது என்பதுதான் பேச்சு. அதற்குப் பிறகு அரசு மலையேற்றத்துக்கு விதிமுறை கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் 'டிரெக் தமிழ்நாடு' என்று 40 பாதைகளை வனத்துறையே வழிகாட்டிகளோடு திறந்தது. இதற்கெல்லாம் பிறகும் பையில் தீப்பெட்டியும் மார்ஷ்மெல்லோவும் வைத்துக்கொண்டு கிளம்புகிறவனை என்ன சொல்ல? சாப்பாட்டுத் திட்டம் சரியாக இருந்தால் தீ மூட்டுகிற ஆசைக்குப் பாதிக் காரணம் அங்கேயே போய்விடும்.

"குளிருக்குச் சரக்குதான் மருந்து." இல்லவே இல்லை. குடித்தால் தோலுக்கு அடியில் உள்ள ரத்தக்குழாய்கள் விரிகின்றன. சூடான மாதிரி தோன்றும். உண்மையில் உள்சூடு வெளியே போகிறது. நடுங்கிச் சூடு உண்டாக்கும் உடம்பின் வேலையையும் அது மட்டுப்படுத்துகிறது. வெறும் வயிறு, ஈர சாக்ஸ், மேலே இரண்டு பெக். என் நண்பன் தனக்கு எதிராகத் தானே போட்ட மூன்று கையெழுத்து அது. உடம்பின் உள்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே போனால் அது ஆபத்தான நோய்நிலை. பேச்சு குழறுகிறதா, நடை தள்ளாடுகிறதா, உடனே ஆஸ்பத்திரிக்கு வழி பாருங்கள். நினைவு தப்புகிறவன் வாயில் காபியோ கருப்பட்டியோ ஊற்றிவிடாதீர்கள், புரையேறிவிடும். எங்களுக்கு அன்று அதிர்ஷ்டம், அவ்வளவுதான்.

"இதெல்லாம் பழம்பெருமை பேசுற கூட்டம்." இந்தக் குற்றச்சாட்டுதான் எனக்கு ரொம்ப வலித்தது. நம்முடையது என்பதற்காக எதையும் தூக்கிப் பிடிக்கவில்லை. எங்கள் ஊர் மக்ரூன் உலகப் புகழ் பெற்றது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மலைப் பனிமூட்டத்தில் டப்பாவைத் திறந்தால் நமத்துப் பிசுபிசுத்துப் போகும். கொண்டுபோகாதீர்கள். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழேயே உறைந்துவிடும். பாட்டிலைத் தலைகீழாகத் தட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான், நல்லெண்ணெய் எடுங்கள். தேங்காய்ச் சட்னி கெட்டுவிடும். கருப்பட்டி சர்க்கரையே இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், அதுவும் சர்க்கரைதான், சர்க்கரை நோயாளிகள் கவனம். நெத்திலிக் கருவாட்டைக் கூடாரத்தில் வறுக்கலாமா? கூடவே கூடாது. அந்த வாசத்துக்குக் காட்டுப்பன்றியும் கரடியும் அழைப்பிதழ் இல்லாமலே வரும். மீன் இல்லாமல் எனக்குச் சோறு இறங்காது என்பவர்களுக்கு மாசி இருக்கிறது. சூரை மீனை அவித்து, புகையில் வாட்டி, கட்டை மாதிரி காயவைப்பது. மாலத்தீவிலும் லட்சத்தீவிலும் செய்வார்கள், தோணிக்காரர் வீடுகளில் கட்டாயம் இருக்கும். வற்றல் மிளகாயும் உப்பும் சேர்த்து வீட்டிலேயே இடித்து, இறுக மூடுகிற எவர்சில்வர் டப்பாவில் எடுத்துப் போங்கள். சாப்பிட்டு முடித்ததும் டப்பாவை மூடிவிடுங்கள்.

சரி, குறை சொன்னது போதும். அடுத்த தடவைக்கு நான் போட்டு வைத்திருக்கிற திட்டம் இது. இரண்டு ராத்திரி, மூன்று பகல்.

முதல் நாள் மதியம் கட்டுச்சோறு. புளியோதரை, பருப்புத் துவையல், வாழையிலைப் பொட்டலம். இலையைத் தின்ன மாடு உண்டு, நூடுல்ஸ் உறையைத் தின்ன யாரும் கிடையாது.

முதல் நாள் ராத்திரி இருட்டுவதற்கு முன்பே சாப்பாடு. மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் தடவிய இட்லி. நம் ஆட்கள் ரயிலில் சென்னை வரை நம்பிக் கொண்டுபோகிற சாப்பாடு, மலைக்கு மட்டும் ஆகாதா? படுக்கும் முன் சுக்குக் காபி, இரண்டு துண்டு கடலைமிட்டாய். சர்க்கரை உடனே சூடு தரும், கடலையின் கொழுப்பு மெதுவாக எரிந்து விடியும் வரை தாங்கும். ஒரு கிராம் கொழுப்பில் 9 கலோரி, மாவுச்சத்திலும் புரதத்திலும் 4தான். காவல்காரத் தாத்தா சொன்ன விறகு இதுதான்.

இரண்டாம் நாள் காலை சத்துமாவுக் கஞ்சி, வெந்நீரில் கரைத்துக் கருப்பட்டியும் ஒரு கரண்டி நெய்யும். மதியம் நடந்துகொண்டே பொரிவிளங்காய், வறுகடலை. இடையிடையே தண்ணீர். குளிரில் தாகம் தெரியாது, ஆனால் உடம்பு வற்றிக்கொண்டுதான் இருக்கும். ராத்திரி புளி அவல். வீட்டில் காய்ச்சிய புளிக்காய்ச்சலை ஊறிய அவலில் பிசைந்து, மேலே பருப்புப்பொடியோ மாசித்தூளோ.

மூன்றாம் நாள் காலை மறுபடி சத்துமாவு. மிச்சமிருப்பதைத் தின்றுகொண்டே இறக்கம். கூடவே ஒரு நாள் அவலும் கருப்பட்டியும் தனிப் பொட்டலமாக, தொடாமல். மழையோ மண்சரிவோ வந்து வழி அடைத்தால் அதுதான் நம் காப்பீட்டு பாலிசி.

ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு நாளைக்கு ஒரு துணிப்பை, அதன் மேல் நாள் எழுதி. யாரும் வரிசையில் நிற்க வேண்டாம். 'எனக்குப் பசியில்லை' என்று சொல்லி ஒருவன் தப்பிக்கவும் முடியாது, பை நிறைந்திருந்தால் மாட்டிக்கொள்வான். என் திட்டத்திலேயே முக்கியமான ஷரத்து இதுதான். அன்று எங்களிடம் சாப்பாடு இல்லாமல் இல்லை, 60 பாக்கெட் இருந்தது. அது ஒருவன் வயிற்றுக்குப் போய்ச் சேர்ந்ததா என்று பார்க்கத்தான் ஆள் இல்லை. கணக்குப் பிள்ளையாக இருந்த நான் ரூபாயை எண்ணினேன், ஆளை எண்ணவில்லை.

கடைசியாக ஒன்று. திரும்பும்போது மீந்திருந்த 31 பாக்கெட் நூடுல்ஸை அந்தத் தாத்தாவிடம் கொடுத்தோம். மரியாதைக்கு ஒன்றே ஒன்று வாங்கிக்கொண்டார். "இதை வேகவைக்க எனக்கு வெறகு கட்டாது தம்பி" என்று சிரித்தார்.

இந்த டிசம்பரில் மறுபடி போகிறோம். அவருக்கு இரண்டு கிலோ உடன்குடிக் கருப்பட்டி வாங்கி வைத்திருக்கிறேன். வத்தலக்குண்டு விலை கொடுக்க வேண்டாம், நம் ஊர் விலைக்கே!